கொசுவும் கருவும்

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதிக்கு அருகே, வராகமூர்த்தியின் ஆலயத்தையும் அதன் விரிந்த திருக்குளத்தையும் சூழ்ந்து அமைந்தது ஸ்ரீவராகம். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் பகுதி அது. பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருக்கு அந்நகரம் அயலன்று. 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்நகரின் பெயர் ஜிகா என்னும் நோயோடு சேர்ந்து நாடெங்கும் ஒலித்தது.

அம்மாதம் 8-ஆம் நாள், அம்மாவட்டத்தில் கருவுற்றிருந்த பெண்மணி ஒருவருக்கு இந்நோய் கண்டிருந்ததாகக் கேரள அரசு அறிவித்தது. முதல்நாள்தான் அவர் மகவு ஈன்றிருந்தார். புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்துக்குச் சென்ற 19 மாதிரிகளுள் 13-இல் நோய்க்குறி தெரிந்தது. ஜிகா கண்டவருக்கு இலேசான காய்ச்சலும் செந்தடிப்பும் மூட்டுவலியுமே வரும். பலருக்கு அவையும் இல்லை. ஆயினும் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்த இல்லங்களில் அச்சம் குடிபுகுந்தது. அவ்வச்சம் காரணமற்றதன்று.

1947-இல் உகாண்டா நாட்டில், ஜிகா எனும் காட்டில், மஞ்சட் காய்ச்சலை ஆராய்ந்தோர் ஒரு குரங்கின் குருதியில் இவ்வைரஸைக் கண்டனர். நெடுங்காலம் அதனை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2015-இல் பிரேசிலில் மிகச் சிறிய தலையோடு குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறக்கவே உலகம் விழித்தது. 2016 பிப்ரவரி முதல் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இதனை நெருக்கடியாக அறிவித்தது. வைரஸ் நச்சுக்கொடியைக் கடந்து, மூளையின் நரம்பணுக்களாக மலர வேண்டிய இளம் அணுக்களையே அழிக்கிறது. கருவின் முதல் மூன்று மாதங்களிலேயே ஆபத்து மிகுதி. 'சிறுதலை' என்று நாம் மொழிபெயர்க்கிறோம். சொல் சிறிது, அதன் பின்னுள்ள துயரமோ ஆயுட்காலத்தது.

தாயின் நோய் சேயைத் தாக்கும் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். கண்புரையோடு குழந்தைகள் பிறந்தால் பரம்பரைக் குறை என்று சொல்லிவிடுவது அந்நாளைய வழக்கம். கிரெக்கோ தாய்மாரின் பேச்சுக்குச் செவி சாய்த்தார். கருவுற்ற தொடக்கத்தில் தமக்கு ரூபெல்லா எனும் நோய் வந்ததாக அவர்கள் கூறினர். 1941-இல் அவர் அறிவித்த 78 குழந்தைகளுள் 68 பேரின் தாய்மார் அந்நோய் கண்டவர்கள். காது கேளாமையும் மூளைக் குறையும் அதன் விளைவே எனப் பின்னர் புலனாயிற்று. பெரிய புத்தகங்கள் சொல்லாததைத் தாய்மார் சொன்னார்கள் என்பது நமக்கு இன்றும் வியப்பே.

ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குப் பெருமுறையாக இடத் தொடங்கினர். பெண்ணுக்கு அதனைத் திருமணத்துக்கு முன்பே இட்டுவைத்தல் நலம். கருவுற்ற பின் இடலாகாது. ஜிகாவுக்கோ பொதுப் பயன்பாட்டில் தடுப்பூசி ஏதுமில்லை. கொசுவைத் தடுப்பதே வழி. இவ்விடத்து ஸ்ரீவராகத்துக் குளத்தின்மீது பழி போடுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும்: இந்நோயைச் சுமக்கும் ஏடிஸ் கொசு பெருங்குளத்தை நாடுவதில்லை. பூந்தொட்டியின் அடித்தட்டும், மூடாத தொட்டியும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டும், கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையும் அதற்குப் போதும். அதுவும் பகலிலேயே கடிக்கும்.