பண்டரிபாய் கையில் துப்பாக்கி

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

பண்டரிபாய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 'மன்னன்' படத்தில் ரஜினியின் அம்மா. கொஞ்சம் மூத்தவர்களுக்கு 'தெய்வமகன்' அம்மா, 'குடியிருந்த கோயில்' அம்மா. கண்ணீரும் பொறுமையுமாக நிற்கிற முகம். அந்த அம்மா 1954-இல் சிவாஜியைச் சுட்டுக் கொன்றிருக்கிறார் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்பவே இல்லை. படத்தைப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

படம் 'அந்த நாள்'. ஏவி.எம். தயாரிப்பு, 1954 ஏப்ரல் 13 வெளியீடு. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். கதை வசனம் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழில் அப்படி வந்த முதல் படம் இதுதான். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் குற்றமும் சந்தேகமும் இருட்டு நிழலுமாக வந்த படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் 1946-இல் 'நுவார்', அதாவது கறுப்புப் படம், என்று பேர் வைத்தார்கள். நம் ஊரில் அந்தப் பேருக்கு முழுத் தகுதியுள்ள படம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். மாருதிராவ் காமிராவில் மாடிப்படியும் ஜன்னல் கம்பியும்கூட ஏதோ ரகசியம் வைத்திருப்பது போலத் தெரியும்.

கதைக்கு வருமுன் சரித்திரம். (வாத்தியார் புத்தி போகாது!) 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னைப் பட்டணமே காலியானது. தெற்கே போகிற ரயிலெல்லாம் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தானே போக வேண்டும்? டிரங்குப் பெட்டியும் பாத்திர மூட்டையுமாகத் திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கிய உறவுக்காரர்கள் மாசக்கணக்கில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் கிடந்தார்கள் என்று அம்மா சொல்வார். பயந்தது போலவே, 1943 அக்டோபர் 11-இல் ஒரு ஜப்பானிய விமானம் சென்னைமேல் வந்து குண்டு போட்டது. சேதம் பெரிதில்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் 'அந்த நாள்' என்றால் அந்த நாள்தான்.

அன்று ரேடியோ இன்ஜினியர் ராஜன் வீட்டிலேயே சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். படம் தொடங்கியதுமே சிவாஜி பிணம்! பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபியைச் சந்தேகப்படுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே காட்டுகிறான். ஹேமா, ராஜனின் ஆசைநாயகி அம்புஜத்தை. அம்புஜம், திரும்பவும் சின்னையா பிள்ளையை. ஆளுக்கொரு கதை. குரோசாவாவின் 'ராஷோமோன்' பார்த்த பாதிப்பு பாலசந்தருக்கு. ஆனால் அங்கே உண்மை எது என்று தெரியாமலே போகும், இங்கே தெரிந்துவிடும். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள், படம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ராஜன் நாட்டு ரகசியத்தை ஜப்பானுக்கு விற்கிறவன். அது அவன் மனைவி உஷாவுக்குத் தெரிந்துவிடுகிறது. கல்லூரிக் காலத்திலிருந்தே தேசப்பற்று உள்ள பெண். காதலித்துக் கட்டிக்கொண்ட புருஷன். எத்தனையோ சொல்லிப் பார்க்கிறாள். கடைசியில் அவள் கைத்துப்பாக்கியில்தான் அவன் உயிர் போகிறது.

இதே வகை அமெரிக்கப் படங்களில் பெண் பெரும்பாலும் ஆணைக் கவிழ்க்கிற மோகினி. 1944-இல் வந்த 'டபுள் இண்டெம்னிட்டி'யில் பார்பரா ஸ்டான்விக், இன்ஷூரன்ஸ் பணத்துக்காகப் புருஷனைக் கொல்ல ஆள் சேர்ப்பாள். உஷாவுக்குப் பணமும் வேண்டாம், வேறொருவனும் வேண்டாம். கணவனே கண்கண்ட தெய்வம் என்று மற்ற படங்கள் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், தாலி கட்டியவனா தாய்நாடா என்று ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டது பெரிய துணிச்சல். பண்டரிபாய் அதைக் கத்தாமல், தலையில் அடித்துக்கொள்ளாமல் செய்திருப்பார். படம் முழுக்க எல்லாரும் பேச, அவர் அடங்கி நிற்பது துக்கத்தினால் என்று நினைப்போம். இரண்டாவது முறை பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. சிவாஜி பிறந்தது விழுப்புரத்தில், 1928 அக்டோபர் 1. தான் பிறந்த அன்றே அப்பா விடுதலைப் போராட்டத்தில் கைதாகி ஜெயிலுக்குப் போனார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தேசத்துரோகியாக நடிக்க ஒத்துக்கொண்டாரே!

ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டில்லாத படம் முதலில் ஓடவில்லை. மத்திய அரசின் விருதுச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் மதிப்பு வந்தது. பாலசந்தர் விடாமல் 'பொம்மை', 'நடு இரவில்' என்று அதே பாதையில் போய், பிறகு வீணையோடு நின்றுவிட்டார். 1964-இல் 'புதிய பறவை' இந்த இருட்டைக் கலரில் காட்டி ஜெயித்தது. அதில் சௌகார் ஜானகியைத் தனியாக எழுத வேண்டும், இன்னொரு நாள்.

எனக்கு உறுத்துவது வேறு. சிவாஜிக்கு 'பராசக்தி'யில் (1952) காதலி, 'திரும்பிப்பா'ரில் (1953) அக்கா, 'அந்த நாளி'ல் மனைவி. அப்புறம் அம்மா. ஏறக்குறைய அவர் வயதுதான் பண்டரிபாய்க்கும். சிவாஜி கதாநாயகனாகவே இருந்தார். இந்த அம்மையாருக்குத் தலையில் நரையைப் பூசி உட்கார வைத்துவிட்டார்கள். 2003-இல் காலமானபோதும் 'அம்மா நடிகை' என்றுதான் சொன்னார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாருங்கள். இணையத்தில் கிடைக்கிறது. ஐந்து பேரில் யார் சொன்னது அதிகப் பொய் என்று கீழே எழுதுங்கள். என் ஓட்டு சின்னையா பிள்ளைக்கு.