தங்காத உப்பு: மன்னார்க் கரையிலிருந்து லைனர் பற்றி ஒரு வாதம்

பள்ளிமுனையில் கருவாடு போடுகிறவர்களுக்கு உப்பு மூட்டையின் குணம் தெரியும். வாடியின் மூலையில் சில இரவுகள் கிடந்த மூட்டை கல்லாகிவிடும். கட்டையால் அடித்து உடைத்த பிறகே மீனுக்கு ஆகும். நேற்று இறக்கிய மூட்டையோ கையை விட்டால் பொலபொலவென்று வரும். இரண்டும் ஒரே உப்பு, ஒரே சாக்கு. வேறுபாடு கிடந்த நாட்களில் இருக்கிறது. உப்பை மேலே கொட்டி அடிவாயால் இறக்கும் கூம்புக் கலங்களான ஹொப்பர்களின் உட்சுவரில் பதிக்கப்படும் வழுக்குப் பிளாஸ்ரிக் லைனர்களைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதுதான். லைனர் உப்பின் ஒட்டும் குணத்தை மாற்றுவதில்லை. உப்பு தங்கும் நேரத்தையே மாற்றுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் வாங்கப்படும் லைனர் வீண் செலவாகும்.

25 பாகை செல்சியஸில் காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சரியாகக் கழுவப்படாத உப்பில் மிஞ்சும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். கடல் சூழ்ந்த மன்னார்த் தீவில் இரவு அந்த எல்லையைத் தாண்டுவதும், பகல் வெயிலில் திரும்பக் கீழே இறங்குவதும் வழக்கம். இரவில் மணிகளின் விளிம்பு கரைகிறது. பகலில் அந்தக் கரைசல் காய்ந்து மணிக்கும் மணிக்கும் இடையே பாலம் போடுகிறது. போதாக்குறைக்கு, 1995இல் இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. பொட்டாசியம் அயடேற்றைக் கரைசலாகத் தெளிக்கும்போது, பொதியிடும் ஹொப்பருக்குள் விழும் உப்பு இன்னும் சற்று ஈரமாகிறது.

2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது உப்புப் பைக்கு என்ன பெயர் இடுவது என்பதே பெரிய வாதமாயிற்று. நியாயமான வாதந்தான். ஆனால் உப்பு பைக்குள் எப்படி விழுகிறது என்பதை யாரும் பேசவில்லை.

பொருள் ஹொப்பரிலிருந்து எப்படி இறங்குகிறது என்பதை முன்பே முறையாகப் பேசியவர் போலந்தில் பிறந்த பொறியியலாளர் அண்ட்ரூ ஜெனிக்கே. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 1964இல் வெளியான அவருடைய நூல் ஹொப்பருக்குள் நடக்கும் ஓட்டத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்றில் நடுவிலுள்ள பொருள் மட்டும் குழாய்போல இறங்கும். சுவரோரத்தில் உள்ளது அசையாது. இதைப் புனலோட்டம் எனலாம். மற்றதில் சுவரோரம் உட்பட எல்லாம் ஒன்றாக இறங்கும், இது திரளோட்டம். புனலோட்டத்தில் முதலில் கொட்டிய உப்பு கடைசியாகத்தான் வெளியேறும். சில வேளை வாரக்கணக்கில் வெளியேறாது. அந்த ஓரத்து உப்புத்தான் வாடி மூலையில் கிடந்த மூட்டை.

எந்த ஓட்டம் நிகழும் என்பதைச் சுவர் உராய்வும் சுவரின் சாய்வும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒட்டும் தன்மையுள்ள பொருளுக்கு, துருப்பிடித்த உருக்குச் சுவரில் உராய்வுக் கோணம் 30 பாகை என்று வைத்தால், கூம்பின் சுவர் செங்குத்திலிருந்து சுமார் 10 பாகைக்கு மேல் சாயக்கூடாது. அவ்வளவு ஒடுங்கிய ஹொப்பருக்குக் கட்டடத்தின் கூரையையே உயர்த்த வேண்டிவரும். உராய்வுக் கோணம் 15 பாகைக்கு இறங்கினால் அதே பொருள் 28 பாகை அளவு சாய்விலும் திரளாக இறங்கும். லைனரின் உண்மையான பயன் இந்த இடைவெளிதான். வாய் அடைபடுவதற்கு உப்பின் உள்ளிறுக்கம் காரணமென்றால், வாயை அகலப்படுத்த வேண்டுமேயன்றி லைனர் உதவாது.

லைனருக்குப் பெரிதும் பயன்படுவது மூலக்கூற்று நிறை 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பொலிஎதிலீன். 1953இல் கார்ல் சீக்லர் கண்டறிந்த ஊக்கிகளே இதற்கு வழி திறந்தன. 1960களிலிருந்து செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணமாகவும் இருப்பது இதுவே. உருக்கு புதிதில் வழவழப்பாக இருக்கலாம். உப்புக்கு முன் அந்த வழவழப்பு நிலைக்காது. இந்தப் பிளாஸ்ரிக் துருப்பிடிப்பதில்லை.

ஆனாலும் விற்பனைத்தாள் சொல்லாத சங்கதிகள் உண்டு. இது உருக்கைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தில் விரியும். 3 மீற்றர் தகடு 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் நீளும். அதைத் தாங்கும் உருக்கு ஒரு மில்லிமீற்றர்தான் நீளும். ஆணித் துளைகளை நீள்வட்டமாக வெட்டாவிட்டால் தகடு உப்பி எழும். மேல் விளிம்பை மூடாவிட்டால் பின்புறம் புகுந்த உப்பு பளிங்காகித் தகட்டைத் தள்ளும். மறைவில் உருக்கு அரிக்கும். இதைவிட ஆபத்தானது இன்னொன்று. புனலோட்டத்துக்கென்று கட்டிய பழைய ஹொப்பரில் திரளோட்டம் வந்தால், உருளையும் கூம்பும் சேரும் இடத்தில் சுவர் அழுத்தம் பன்மடங்காகும். துருவில் மெலிந்த பற்றுவைப்பு அங்கேதான் பிளக்கும். லைனர் பதிக்குமுன் அந்த வளையத்தின் பலத்தைக் கணக்கிடாதவர் வேலையைத் தொடங்கவே கூடாது.

இன்னொரு கேள்வி உணவு பற்றியது. தேயும் தகடு எங்கே போகிறது? உப்புக்குள்தான். கடலுப்பில் நுண்பிளாஸ்ரிக் இருப்பதை உலகெங்கும் ஆய்வுகள் காட்டிவிட்டன. அதற்கு நாமும் பங்களிக்க வேண்டியதில்லை. உப்பு உயரத்திலிருந்து வந்து மோதும் இடத்தில் துருவேறா உருக்கு இருக்கட்டும். வழுக்கிச் செல்லும் சுவரில் மட்டும் பிளாஸ்ரிக் இருக்கட்டும். இயல்பில் இத்தகடு வெள்ளை. வெள்ளைச் சீவல் வெள்ளை உப்பில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நீலத் தகடு கேட்டு வாங்குவது என் கருத்தில் விருப்பத் தெரிவல்ல, கட்டாயம்.

புல்மோட்டைக் கனிய மணலுக்கு இந்த வாதம் பொருந்தாது. அந்த மணலிலுள்ள இல்மனைற்றுக் கனியம் உலர்ந்திருந்தால் தானாகவே ஓடும். அங்கே சிக்கல் தேய்மானம். உலர்த்தியிலிருந்து சூடாக விழும் மணலை, 80 பாகைக்கு மேல் தளரும் பிளாஸ்ரிக் தாங்காது. ஓர் இடத்தில் வென்ற லைனரை இன்னோர் இடத்துக்கு அப்படியே பரிந்துரைப்பது வியாபாரம், ஆய்வல்ல.

செய்ய வேண்டியது சிறிய வேலை. மன்னார் உப்பை ஆடியில் ஒரு முறையும் மாரியில் ஒரு முறையும் எடுத்து, ஓரிரவு சுமையின் கீழ் வைத்து, துருவுருக்கிலும் நீலத் தகட்டிலும் ஜெனிக்கேயின் வெட்டுக்கலத்தில் உராய்வுக் கோணத்தை அளக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் ஒருவருக்கு இது இறுதியாண்டு ஆய்வுக்குப் போதுமான பொருள். ஆனையிறவு அங்கிருந்து தூரமில்லை. மன்னாருக்கும் பஸ் இருக்கிறது.