இமைத்தொய்வு

மேல் இமை இயல்பைவிடத் தாழ்ந்து தொங்கும் நிலை. நேராகப் பார்க்கையில் கருவிழியின் மேல்விளிம்பை இமை 1 முதல் 2 மில்லிமீட்டர் மறைப்பது இயல்பு. இமையைத் தூக்கும் தசையை மூன்றாம் மூளை நரம்பு இயக்குகிறது. பெரியவர்களில் அத்தசையின் நாண் வயதால் தளர்வதே பரவலான காரணம். மாலையில் கூடும் தொய்வு மயஸ்தீனியா என்னும் தசைக்களைப்பு நோயால் இருக்கலாம். அதற்கு முதலில் மருந்துதான், அறுவை அல்ல. திடீர்த் தொய்வுடன் கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, கண்மணி விரிவு சேர்ந்தால் மூளை இரத்தக்குழாய்ப் புடைப்பு காரணமாகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பிறவித் தொய்வு கண்மணியை மறைத்தால் குழந்தையின் பார்வை வளர்ச்சியே தடைப்படும். வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பெருந்தவறு. அறுவையில், இமையைத் தூக்கும் தசையில் வலுவிருந்தால் அதைச் சுருக்கித் தைப்பர். வலு மிகக் குறைவெனில், தொடைத் திசுப்பட்டையாலோ சிலிக்கோன் இழையாலோ இமையை நெற்றித்தசையுடன் இணைப்பர். பின்னர் புருவத்தை உயர்த்தினால் இமை திறக்கும்.