சேர்வராயன் மலையில் வீட்டுவசதிப் பொறுப்பு: துறைப் பகிர்வின் வரலாறு (1951–2016)

முன்னுரை

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினரின் நெடுங்கால வாழிடமாகும். 1820களில், எம்.டி. காக்பர்ன் சேலம் ஆட்சியராக இருந்த காலத்தில், இங்குக் காப்பிப் பயிர் அறிமுகமானது. அதன்பின் தோட்டம், பழங்குடிக் கிராமம், காப்புக்காடு என மலைநிலம் வெவ்வேறு ஆளுகைகளுக்கு உட்பட்டது. வீட்டுவசதிப் பொறுப்பும் இந்நிலப் பாகுபாட்டை ஒட்டியே துறைகளிடையே பிரிந்தது என்பதையும், அப்பிரிவின் இடைவெளியில் நிலமற்ற தோட்டத் தொழிலாளர் விடுபடுகின்றனர் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோட்டமும் தொழிலாளர் துறையும்

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் வீடளிக்கும் கடமையை உரிமையாளர்மீது சுமத்தியது. இங்கு அரசு வீடு கட்டுவதில்லை. தொழிலாளர் துறை வழியாகக் கண்காணிக்கிறது. தொடக்கத்தில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கே இச்சட்டம் பொருந்தியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வரம்பை 5 எக்டேர், 15 தொழிலாளர் எனத் தாழ்த்தியது. எனினும், அதனினும் சிறிய காப்பித் தோட்டங்கள் இயல்பாக இவ்வரம்புக்குள் வரவில்லை. மேலும் இவ்வீடு வேலையோடு பிணைந்தது, தொழிலாளருக்கு உடைமையாவதில்லை.

கிராமமும் ஊரக வளர்ச்சித் துறையும்

ஏற்காடு ஊராட்சி ஒன்றியமாதலின், இங்கு வீட்டுவசதியில் ஊரக வளர்ச்சித் துறையே முதன்மை பெறுகிறது. 1985–86இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் இத்துறை வழியாகவே நடைபெற்றது. 1992இல் நிறைவேறிய 73ஆம் அரசமைப்புத் திருத்தம், ஊரக வீட்டுவசதியை ஊராட்சிகளுக்கு உரிய 11ஆம் அட்டவணையில் சேர்த்தது.

2011–12இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் துறைப் பகிர்வுக்குத் தெளிவான சான்றாகும். 300 சதுர அடி வீட்டுக்கு ஊரக வளர்ச்சித் துறையும், சூரிய விளக்குகளுக்குத் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமையும் பொறுப்பேற்றன. ஆனால், மனைக்குப் பட்டா உடையவரே பயனாளியாக இயன்றது. பட்டா வழங்குவதோ வருவாய்த் துறை. தொடக்க ஆண்டுகளின் ஆண்டு இலக்கான 60,000 வீடுகளில் பழங்குடியினருக்கான பங்கு 1 விழுக்காடாக இருந்தது. அதாவது மாநிலம் முழுமைக்கும் 600 வீடுகள்.

காடும் மலைப் பாதுகாப்பும்

1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம், மலைப்பகுதிக் கட்டுமானங்களுக்குத் தனி ஒழுங்குமுறையை உருவாக்கியது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டுநிலத்தில் குடியிருக்கும் உரிமையை ஏற்றது. அவ்வுரிமைக் கோரிக்கைகளைக் கிராமசபைக்குப் பின் ஆராயும் குழுக்களில் வருவாய், வனம், பழங்குடியினர் நலம் ஆகிய துறைகளின் அலுவலர்கள் இடம்பெறுகின்றனர்.

முடிவுரை

தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெறும் நிலமற்ற தொழிலாளரின் நிலை இப்பகிர்வின் குறையைப் புலப்படுத்துகிறது. தொழிலாளர் என்ற தகுதி முடிந்தபின் தோட்டச் சட்டம் அவருக்கு உதவவில்லை. ஊரக வளர்ச்சித் திட்டமோ பட்டா கேட்கிறது. அவர் வாழ்ந்த நிலம் தோட்டத்துக்கு உரியது. ஒவ்வொரு துறையும் தன் விதிப்படி நடந்தாலும் அவருக்கு வீடு கிடைப்பதில்லை. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், நிலமற்ற பயனாளிகளுக்கு மனை வழங்கும் பொறுப்பை மாநில அரசுக்கு அளித்தமை இக்குறையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் எனலாம். எனவே, மலைப்பகுதி வீட்டுவசதி வரலாற்றைக் கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடலாகாது. மனையுரிமையின் வரலாறாகவும் அதனை ஆராய்தல் வேண்டும்.