மரணசாசன ஏடுகளும் யாழ்ப்பாணத்துச் சமூக வரலாறும்

வரலாறு என்பது மன்னர் வரிசையும் போர்ச் செய்தியும் மாத்திரம் அன்று. குடிமக்கள் எவற்றை ஈட்டினர், யாவர்க்கு விட்டுச் சென்றனர் என்பனவும் வரலாற்றின்பாற் படுவனவே. யாழ்ப்பாணத்தில் இவற்றை அறிதற்கு உதவுஞ் சிறந்த சான்றுகளுள் ஒன்று மாவட்ட நீதிமன்றத்து மரணசாசன வழக்கேடு ஆகும்.

தேசவழமையின்படி, இறந்தவரது ஆதனம் யாரைச் சேரும் என்பதை அவ்வாதனம் வந்த வழியே பெரிதும் தீர்மானித்தது. பண்டை முறையில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், இல்லறத்தில் ஈட்டிய தேடியதேட்டம் இருபாலார்க்கும் உரியன. பறங்கியர் காலத்தில் இவ்வரையறை தளர்ந்தது. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த இவ்வழமையைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து உடன்பட்டனர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமோ, பெற்ற மக்களை விலக்கியும் தம் பொருளை வேண்டியவர்க்கு எழுதிவைக்கும் உரிமையை வழங்கிற்று. சாசனம் எழுதாதவிடத்து வழமையே ஆண்டது. ஆகவே, வழமை தானே வழிவகுத்த ஒரு சமூகத்தில் ஒருவர் சாசனம் எழுத முற்பட்டது ஏன் என்பதே வரலாற்று மாணவன் முதலில் வினவவேண்டியது. அவ்வழமையினின்று விலகினாராயின், அவ்விலகலின் காரணம் அக்குடும்பத்தின் வரலாறாகும்.

1889 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவை வழக்கேட்டின் அமைப்பை வகுத்தது. சாசன மூலம், சத்தியக்கடதாசி, மதிப்பிட்ட ஆதன விவரம், இறுதிக் கணக்கு என்பன அதனுள் அடங்கும். காணியின் பெயர், பரப்பு, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை, நகை, ஈட்டுக்கடன் ஆகியவற்றை இத்தகைய விவரங்களிற் காணலாம். பெண்கள் தம் பெயரிலேயே ஆதனம் உடையோராய் விளங்கினர் என்பதற்கும் இவை சான்று பகரும்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். தேடியதேட்டத்தின் இலக்கணம் 1911 இலும் 1947 இலும் மாற்றப்பட்டமையால், ஏட்டின் காலமறியாது அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாகாது. மேலும், குறித்த பெறுமதிக்குட்பட்ட ஆதனங்களுக்கு வழக்கு வேண்டப்படாமையின், வறியோர் பலர் இவ்வேடுகளில் இடம்பெற்றிலர். ஏட்டில் இல்லாதோர் நாட்டில் இல்லாதோர் அல்லர்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, ஏடுகளை இழத்தல் எத்தகையது என்பதை நாம் கண்டோம். அச்சிட்ட நூலுக்குப் பிறிதொரு படி எங்கேனும் கிடைத்தல் கூடும். வழக்கேட்டின் மூலம் அழியின் அது மீளாது. எஞ்சியுள்ள ஏடுகளை அட்டவணைப்படுத்திப் பேணுதல், நிலவுடைமையாளரின் நலனுக்காக மாத்திரமன்றி, பெயரறியப்படாத நம் முன்னோரின் வரலாற்றுக்காகவும் ஆற்றவேண்டிய கடனாம்.