கட்டடம் காக்கும் பணி

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்” என்பது முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைக் காத்துப் பார் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அக்காலத்தில் இருக்கவில்லை போலும். மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில், மாரிக்கு முன்னே கிடுகு மாற்றாதவன் மாரியில் நனைந்தான். அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. காத்தல் என்பது கட்டுதலின் பின்பாதியாகவே எண்ணப்பட்டது. இன்றோ அது கூலிக்குக் கிடைக்கும் சேவையாகி, உலகெங்கும் ஒரு பெரும் வாணிபமாக வளர்ந்து நிற்கின்றது. மின்சாரமும் நீரும் வீணாகாமல், சூழலுக்குக் கேடு வராமல் கட்டடத்தைப் பேணித் தருவோம் என்று கம்பனிகள் முன்வருகின்றன. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

மட்டக்களப்பின் பழைய ஒழுங்கை முதலில் நோக்குவோம். இப்பகுதியில் குடி மரபு தாய்வழிப்பட்டது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும். மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீட்டைப் பெற்றோர் பழுதாக விடுவரோ? கோயில்களுக்கு வண்ணக்கர் என்னும் பொறுப்பாளர் உண்டு. குடிகளின் சார்பில் நின்று கோயிலின் வரவு செலவுக்கும் திருப்பணிக்கும் பொறுப்பேற்பவர் அவர். கூரையில் ஓடு விலகினால் யாரைக் கேட்பது என்ற ஐயம் ஊரவர்க்கு எழுவதில்லை. கட்டடத்துக்கு ஒரு பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளி இருந்தார் என்பதே இங்கே கருதத்தக்கது.

புளியந்தீவிலே வாவியும் அகழியும் சூழ நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டில் கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பின்னர் நெடுங்காலம் அரசாங்கக் கச்சேரி அங்கே இயங்கியது. தடித்த சுவரும் அகன்ற விறாந்தையும் உடைய அக்காலக் கட்டடங்கள் எரிபொருள் எதையும் உண்ணாமலே வெயிலைத் தடுத்தன. பின்னாளிற் சீமெந்தும் கண்ணாடியும் மலிந்தன. 1902 ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லிஸ் கெரியர் ஓர் அச்சகத்துக்கென வகுத்த குளிரூட்டும் முறை, காலப்போக்கில் அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு கட்டடம் நாள்தோறும் தீனி கேட்கும் யந்திரமாயிற்று.

அத்தீனியின் விலையை உலகம் உணர்ந்தது 1973 இல். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் விலை பன்மடங்கு ஏறிற்று. மின்கட்டணத்தைக் குறைத்துத் தருகிறோம், குறைந்த தொகையில் ஒரு பங்கைத் தாருங்கள் என்னும் வலுச் சேவைக் கம்பனிகள் அதன் பின்னரே பெருகின. ஆயினும் இந்தப் பேரம் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட்டும் அவர்தம் கூட்டாளி போல்ட்டனும் இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களுக்குத் தம் நீராவி யந்திரத்தை அளித்தபோது, பழைய யந்திரத்தோடு ஒப்பிட மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றிலொரு பங்கையே கேட்டனர். மிச்சம் எவ்வளவு என்பதிற் பிணக்கு வந்தது. யந்திரம் எத்தனை முறை அசைந்தது என்பதை எண்ணும் கருவியைப் பெட்டியிலிட்டுப் பூட்ட வேண்டியதாயிற்று! அளவை இல்லாத இடத்திற் பேரம் நிலைக்காது என்பதைச் சுரங்க முதலாளிகளும் அறிந்தனர், வாட்டும் அறிந்தார்.

அளவைக்கு ஒழுங்கான விதிகள் வகுக்கப்பட இருநூறு ஆண்டுகள் சென்றன. 1990 இல் பிரித்தானியாவில் கட்டடங்களை மதிப்பிடும் முறையொன்று தோன்றியது. 1993 இல் அமெரிக்காவிற் பசுமைக் கட்டடச் சபை அமைந்தது. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை இடித்துப் புதுக்காமல், 2009 முதல் அதன் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட யன்னற் கண்ணாடிகளைக் கழற்றி, அக்கட்டடத்துக்குள்ளேயே செப்பனிட்டு மீளப் பொருத்தினர். வலுச் செலவை 38 வீதம் குறைப்பதே குறிக்கோள். பழைய கட்டடமும் திருந்தும் என்பதற்கு அது சான்றாயிற்று.

இலங்கை இத்துறையிற் பின்தங்கி நிற்கவில்லை. ஜெப்ரி பாவா வரைந்து, 1994 இல் திறக்கப்பட்ட கண்டலம விடுதி மலைச்சரிவோடு ஒன்றிக் கிடக்கின்றது. அமெரிக்கச் சபையின் பசுமைச் சான்றிதழ் 2000 ஆம் ஆண்டில் அதற்குக் கிடைத்தது. 2007 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை நிறுவப்பட்டது. எனினும் சட்டத்திலும் வல்லமை மிக்க ஆசிரியன் மின்பட்டியலே. 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 மாசியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தபோது, கணக்குப் பாராதவரும் கணக்குப் பார்த்தனர்.

மட்டக்களப்பில் இச்சேவையை விலைகொடுத்து வாங்கக்கூடியவர் யார்? பாசிக்குடா விடுதிகள் வாங்கலாம். அவற்றின் மிச்சம் அவற்றின் கைக்கே வரும். அரசாங்கப் பாடசாலையின் நிலை வேறு. ஆண்டுக்கென ஒதுக்கிய பணம் மார்கழி 31 ஆந் திகதியோடு காலாவதியாகி விடுகின்றது. இவ்வாண்டு சேமித்ததை வருமாண்டு கூரைக்குச் செலவிட வழியில்லை. மூன்றிலொரு பங்கு தருகிறோம் என்று பேரம்பேச அதிபரிடம் எது உண்டு? 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் எழுந்த கட்டடங்கள் பல. கட்டுவதற்கு நன்கொடை தருவோர் திறப்புவிழாவுக்கும் வருவர். பத்தாம் ஆண்டிற் பீலி துருப்பிடிக்கும்போது அவர்களை எங்கே தேடுவது?

நீரின் செய்தி இன்னும் நுண்மையானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிடலில், உவர்நீரின் மேல் நன்னீர் மெல்லிய படையாக மிதக்கின்றது. மட்டுமீறி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். ஆகையால் ஒழுகும் குழாய் ஒன்று கொழும்பிற் பணத்தைக் கரைக்கும், கல்லடியிலோ கிணற்றையே கெடுக்கும். 2007 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு, மழைநீர் சேகரிப்புக்கு இடம் வகுக்கப்பட்டது. தொட்டி கட்டிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் பெருக்கி, பீலியின் சருகை அகற்றி, வடிகட்டி மணலைக் கழுவி வைக்க ஓர் ஆளும், அவர்க்குக் கொடுக்கச் சிறு கூலியும், அக்கூலியை எழுதப் பதிவேட்டில் ஒரு வரியும் வேண்டும்.