தறியிலே வரி, தறிக்கும் வரி!

'வரி' என்னும் சிறு சொல்லுக்குத் தமிழ் அளித்துள்ள பொருட்செல்வம் பெரிது. புலியின் மேனியிலே படர்ந்திருப்பது வரி. ஏட்டிலே தீட்டப்படுவதும் வரி. அதனாலன்றோ எழுத்துக்கு 'வரிவடிவம்' என்று பெயர்! சிலப்பதிகாரத்தின் கானல்வரியும் வேட்டுவவரியும் இசைப்பாட்டுக்கும் அச்சொல் உரியது என்பதைக் காட்டுகின்றன. அரசு குடிகளிடம் தண்டுவதும் வரியே. இவற்றுள் கோடு என்னும் வரியும், இறை என்னும் வரியும், ஒரு தொழிலாளியின் வாழ்விலே மோதிக்கொண்ட வரலாறு நம் நாட்டில் உண்டு. அந்தத் தொழிலாளி நெசவாளி.

இயற்கை வரியிடுவது எதற்காக? வேங்கையின் கருவரி, புல்லிடையே விழும் நிழலோடு கலந்து அதன் உருவத்தைத் துண்டாடி மறைக்கிறது. மானின் கண்ணோ செம்மஞ்சளைப் பச்சையினின்று பிரித்தறியாது. வரிபோட்ட போர்வை அணிவித்த குதிரைகள்மீது ஈக்கள் குறைவாகவே அமர்ந்தன என்று 2019இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. வரிக்குதிரையின் மேனியழகு கடிக்கும் ஈயைத் தடுக்கும் கேடயம் என்பது இதனால் வலுப்பெற்றது. நம் தோட்டத்து அணிலின் மூன்று கோடுகள் இராமனின் விரல் பட்டு வந்தவை என்பார்கள். வடநாட்டு அணிலின் முதுகிலே ஐந்து கோடுகள் இருக்கின்றனவே, அவை யார் விரல் பட்டு வந்தவை? இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து பரவினாலே வரியும் புள்ளியும் தாமாகத் தோன்றக்கூடும் என்று 1952இல் ஆலன் டூரிங் கணக்கிட்டுக் காட்டினார். கதைக்கு அங்கே வேலையில்லை.

ஆக, இயற்கை தந்த வரி, அதைத் தாங்கிய உயிருக்குக் காவல். மனிதன் தன் கையால் தறியிலே இட்ட வரி, அவனுக்குக் காவலாயிற்றா?

சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்த வெள்ளானூரிலிருந்து வடகிழக்கே சென்றால், ஒரே பகலில் போய்த் திரும்பும் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களே. அங்கே டச்சுக்காரர் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்கள் நாடி வந்தது நம் நெசவாளர் நெய்த துணியை. அத்துணியைக் கொடுத்து, கிழக்குத் தீவுகளிலே கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர்.

பாவிலே நிற நூலை எண்ணி எண்ணி அடுக்கினால் வரி பிறக்கும். ஊடையிலும் அவ்வாறே நிறம் மாற்றி ஓட்டினால், வரியோடு வரி குறுக்கிட்டுக் கட்டம் பிறக்கும். இது துணியின்மேல் தீட்டிய ஓவியமன்று; நூலோடு நூலாய்ப் பிறந்த கணக்கு. ஆதலால் அதற்கு உள் வேறு, புறம் வேறு இல்லை. அவுரி நீலத்தைத் தந்தது. சாயவேர் செந்நிறத்தைத் தந்தது. எண்ணும் எழுத்தும் ஏழைக்கு மறுக்கப்பட்ட நாட்டிலே, ஆயிரம் இழைகளை மனத்திலே கணக்கிட்டு நெய்தவனை அறிவாளி என்று அழைத்தோமா?

மலாய் மக்கள் கட்டம்போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலேக்காட்' என்கின்றனர். பெலேக்காட் என்பது நம் பழவேற்காடே! ஆங்கிலேயரும் வண்ணக் கைக்குட்டையைப் 'புலிக்காட்' என்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஸ்காட்லாந்து நெசவாளர் அத்துணியைத் தாமே நெய்து, அப்பெயரிலேயே விற்றனர். ஊரின் பெயர் கடல் கடந்தது. நெசவாளி பெயர் எங்கே? நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள், நம் கடற்கரையிலிருந்து சென்ற கட்டத்துணியில் சில இழைகளை அறுத்து உருவிப் புதுக்கோலம் படைத்தனர். அதற்கு 'பெலேட்டே பிட்டே' என்று தம் மொழியிலேயே பெயரிட்டனர். உழைப்பாளி உழைப்பாளிக்குக் கொடுத்த கொடை அது.

தறியிலே வரி இவ்வளவு புகழ் ஈட்டியபோது, தறிக்கு விதித்த வரி என்ன செய்தது? சோழர் காலக் கல்வெட்டுகளிலே 'தறியிறை' காணப்படுகிறது. கோயில்கள் ஓங்கிய அந்தக் காலத்திலும் தறி இறைக்குத் தப்பவில்லை. பின்னர்க் கும்பினி ஆட்சியிலே 'மொகதர்பா' என்னும் தொழில்வரி வந்தது. நெசவாளி, தச்சன், கொல்லன், தெருவோரத்தில் விற்பவன் என எவரையும் அது விடவில்லை. 1852இல் தோன்றிய சென்னைச் சுதேசிச் சங்கம், அவ்வாண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்திலே அக்கொடுமையை எடுத்துரைத்தது. அதற்குள், மேல்நாட்டு ஆலைத்துணி வரிசை வரிசையாய்க் கப்பலில் வந்திறங்கிக்கொண்டிருந்தது. ஒருபுறம் வரி, மறுபுறம் ஆலை, இடையிலே தறி!

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ், முதலில் 22 வகைத் துணிகளும் பின்னர் 11 வகைகளும் கைத்தறிக்கே உரியவையாக்கப்பட்டன. அவற்றுள் கைலியும் ஒன்று. சட்ட ஏட்டிலே உள்ள அந்த ஒரு வரி, வெறும் எழுத்தாய் நின்றுவிடலாகாது. விசைத்தறியிலே நெய்ததைக் கைத்தறி என்று விற்கும் வாணிகத்தைத் தடுக்கும் பொறுப்பு அரசினுடையது. கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது.

கோட்டை கட்டியவன் பெயரைப் பள்ளிச் சிறுவன் படிக்கிறான். அக்கோட்டைக்குக் காரணமான துணியை நெய்தவனைப் பற்றியும் அவன் படிக்கட்டும். புலிக்கு அதன் வரி காவல். நெசவாளிக்கு அவன் நெய்த வரியைக் காவலாக்கித் தருவது நம் கடன்.